மரவள்ளியும் மல்லிக் கோப்பியும்

அடுப்படிக் கூரையால் ஒழுகிய தண்ணீர் சட்டி மூடியில் விழுந்து டொக், டொக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. மாரி மத்தியானம். அன்னம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஈர விறகு. புகை வெளியே போக மனமில்லாமல் எங்கள் கண்ணுக்குள்ளேயே நின்றது. நான் வாசலில் குந்தியிருந்து, கிழங்கு கிண்டிய மண்வெட்டியில் ஒட்டிய செம்மண்ணைச் சிரட்டையால் சுரண்டினேன்.

"மரவள்ளிக்கு ஏனப்பா மூடி போட்டனி?" என்றேன்.

"கூரையை நிமிந்து பாத்திட்டுக் கேளுங்கோ. கரித்தண்ணி சட்டிக்குள்ளை ஒழுகினா உங்கடை மகள் வாயிலை வைப்பாளோ?"

நான் மண்வெட்டியைத் திரும்பச் சுரண்டத் தொடங்கினேன். பசி.

மரவள்ளிக் கிழங்கைத் திறந்த சட்டியில் அவிக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குள் இருக்கிற நஞ்சு ஆவியோடு போய்விடும் என்பார்கள். அன்னத்துக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மழைக்குத் தெரியாது.

போன கிழமை இந்தப் பத்திரிகையில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்த கதை சொன்னேன். அதற்கு முதற்கிழமையும் புகையிலைதான். வாசித்த ஒருவர், "உந்த மனுசனுக்கு வீடு வாசல் பெண்சாதி ஒண்டும் இல்லையோ?" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கு வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள். ஆனாலும் வாசிக்கிறவர் கேட்டால் பதில் சொல்லவேண்டும். பெண்சாதியின் தோட்டம் வீட்டுக்குப் பின்னால், கோடியில் இருந்தது. அந்தக் கோடிக்குள் கால் வைத்தால் இந்தக் கதையைச் சொல்லவேண்டி வரும். அதனால்தான் இத்தனை கிழமை புகையிலையைச் சுற்றி வந்தேன்.

பாதிக் கிணறு

எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டினால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நான் சாவகச்சேரிப் பக்கத்தவன். ஒரு தகரப் பெட்டியோடு இணுவிலுக்கு வந்து சேர்ந்தேன். மாமனாருக்கு இரண்டு பெண்கள், ஒரு வளவு. வளவை நடுவால் பிரித்து, கிழக்குப் பக்கத்தை மூத்தவள் அன்னத்துக்கும், மேற்குப் பக்கத்தை இளையவள் பொன்னம்மாவுக்கும் சீதனமாக எழுதிவிட்டார்.

மண்ணைப் பிரிக்கலாம். கிணறு நடுவில் வந்துவிட்டது. கிணற்றை என்ன செய்வது? வேலி நேரே வந்து கிணற்றுக்கட்டில் ஏறும். வாய்க்கு மேலே குறுக்கே ஒரு மரத்தைப் போட்டு, அதில் தென்னோலைக் கிடுகு கட்டித் தொங்கவிட்டிருக்கும். அந்தக் கரையில் இறங்கி வேலி மறுபடி தன் வழியே போகும். எங்களுக்குக் கிழக்குப் பாதி, அவர்களுக்கு மேற்குப் பாதி. பக்கத்துக்கு ஒரு கப்பி, ஒரு வாளி. உள்ளே தண்ணீர் ஒன்றுதான்.

காலையில் அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் அள்ள வருவார்கள். முகம் தெரியாது, வாய் மட்டும் கேட்கும்.

"அக்கா, உன்ரை வாளி என்ரை தண்ணியை அள்ளுது."

"அள்ளினா என்னடி? போய்க் கச்சேரியிலை வழக்குப் போடு."

"போடுவன். அத்தானைச் சாட்சிக்குக் கூப்பிடுவன்."

"கூப்பிடு. அந்த மனுசன் வாய் திறந்தால் நான் பாதிக் கிணத்தையும் உனக்கே தாறன்."

பேச்சுக்காரன் அல்ல நான். அன்றும் சரி, பிறகும் சரி.

கிணற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஆள் குனிந்து போய்வரக்கூடிய ஓட்டை. யாழ்ப்பாணத்தில் உறவு உள்ள வேலிக்கெல்லாம் பொட்டு இருக்கும். கறிச்சட்டி அதால் போகும், கதை அதால் வரும், எங்கள் மகள் இராசாத்தி அதால் போவாள் வருவாள். "சின்னம்மா வீட்டை போட்டு வாறன்" என்று அவள் சொல்லி முடிக்க முதல் கால் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

பொன்னுவின் புருசன் மலாயாவில் றெயில்வேயில் வேலை. கல்யாணம் முடித்துக் கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கப்பலேறினார். பிள்ளை இல்லை. தனியே இருக்கிறவளுக்குத் துணை என்று இராசாத்தி பல நாள் அங்கேதான் படுப்பாள். தலை வாரி இழுத்துவிடுவதும் அங்கே, சட்டை தைப்பதும் அங்கே. பெற்றது ஒருத்தி, வளர்த்தது இரண்டு பேர். அன்னத்துக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. வெளியே காட்டமாட்டாள்.

தடி வந்த வண்டில்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த காலம் அது. பொன்னுவுக்கு வந்த கடிதமும் நின்றது, காசும் நின்றது. எங்கள் எல்லோருக்கும் அரிசி நின்றது. கூப்பனுக்குக் கிடைத்த அரிசி, கல்லும் புழுவும் போக, ஒரு கிழமையில் பாதிக்கும் காணாது. எல்லாரும் வீட்டுக் கோடியில் மரவள்ளி நடத் தொடங்கினார்கள்.

அன்னத்தின் கோடியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். குளிக்கிற தண்ணீர் ஓடிப்போகிற வழியில் வாழை. வாழைக்கு அப்பால் கத்தரி, பயற்றங்கொடி, பசளி. வேலிக் கதியாலில் ஏறவிட்ட பாகல். அடுப்புச் சாம்பல் எந்தப் பாத்திக்கு, மாட்டெரு எந்தப் பாத்திக்கு என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. நான் புகையிலைத் தறையில் நூறு கன்றுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிற பண்டிதத்தை அவள் ஒரு கத்தரிக் கன்றுக்குச் செய்வாள். அவற்றோடு கதைப்பாள். என்னோடு கதைத்ததிலும் கூட.

அந்தக் கத்தரியைப் பிடுங்கித்தான் மரவள்ளி நட்டோம். நடுவதற்குத் தடி எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் என் ஊரிலிருந்து, தென்மராட்சிப் பக்கத்திலிருந்து, ஒரு வண்டிலில் ஒரு கட்டுத் தடி வந்து இறங்கியது. என்ன இனம் என்று அனுப்பினவருக்கும் தெரியாது.

அன்னம் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பொன்னு, ஓடிவந்து பாரடி. இவ்வளவு காலத்துக்குப் பிறகு மாப்பிளை வீட்டுச் சீதனம் வந்திருக்கு."

பொன்னு பொட்டால் தலையை நீட்டி, "தடியோ அக்கா? அத்தான் உனக்குச் சரியான சாமான்தான் எடுப்பிச்சிருக்கிறார்" என்று சிரித்தாள்.

தடி நன்றாக வந்தது. கிழங்கில் ஒரு சின்னக் கசப்பு இருந்தது. பசிக்கு நாக்குப் பெரிதில்லை.

மரவள்ளி தின்ற அன்றைக்கு இஞ்சி வாயில் வைக்கக்கூடாது. பச்சை இஞ்சியும் ஆகாது, காய்ந்த வேர்க்கொம்பும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் ஆளைக் கொல்லும். இதை எங்கள் ஆட்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நெருப்புச் சுடும் என்று தெரிவதுபோலத் தெரியும்.

ஒழுங்கைக்கு நின்ற வேலி

அந்தக் கூரை ஏன் ஒழுகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாரிக்கு முதல் கூரையும் வேயவேண்டும், வேலியும் அடைக்கவேண்டும். இரண்டுக்கும் கிடுகு. அந்த வருடம் வண்டில் கிடைக்கவில்லை. சொன்னதில் பாதிக் கிடுகுதான் வந்தது. ஒன்றுக்குத்தான் காணும். அடுப்படிக் கூரையோ, ஒழுங்கைப் பக்கத்து வேலியோ?

வேறு ஊர்க்காரனுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. எங்களுக்கும் இல்லை. ஆனால் பதில் வேறு.

"அடுப்படிக்குள்ளை ஆர் வந்து பாக்கப்போகினம்?" என்றாள் அன்னம். "வேலி ஒழுங்கைக்கு நிக்குது. பீத்தலாய்க் கிடந்தால் போறவன் வாறவன் எல்லாம் நாங்கள் என்ன தின்னுறம் எண்டு எட்டிப் பாப்பான்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வேலியை அடைத்தோம். நல்ல வேலி. ஒழுங்கையால் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கூரைக்கு அடுத்த வண்டில் வரட்டும் என்று விட்டோம். வண்டிலுக்கு முதல் மழை வந்தது.

மல்லிக் கோப்பி

அன்று காலையில் கிணற்றடியில் பொன்னு கேட்டிருக்கிறாள், "அக்கா, இண்டைக்கு என்ன உலை?" என்று. அன்னம் "சோறுதான். நேற்றுக் கொஞ்சம் அரிசி வாங்கினனான்" என்று சொல்லிவிட்டாள். அரிசி இல்லை என்றால் பொன்னு தன் கூப்பன் அரிசியைப் பொட்டால் நீட்டிவிடுவாள். தனியே கிடக்கிறவளிடம் வாங்கித் தின்னக்கூடாது என்பது அன்னத்தின் ரோசம்.

மத்தியானம் கிழங்கும் சம்பலும். இராசாத்திக்குத் தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அன்னம் தன் பங்கிலும் பாதியை அவளுடைய கோப்பைக்குள் தள்ளினாள். "தின்னு குஞ்சு. பொழுதுபட ஒண்டும் இல்லை."

நானும் தின்றேன். சம்பல் உறைப்பில் வேறு ஒன்றும் தெரியவில்லை.

மழை கொஞ்சம் விட்டதும் பிள்ளை பொட்டால் போய்விட்டாள். பொன்னு அவளுடைய மூக்கைப் பார்த்திருக்கிறாள். மல்லியும் வேர்க்கொம்பும் வறுத்து இடித்துக் கோப்பி வைத்து, பனங்கட்டியோடு கொடுத்திருக்கிறாள். தடிமனுக்கு எந்த வீட்டிலும் கொடுப்பதுதான்.

கொஞ்ச நேரத்தில் பொன்னுவின் குரல் கேட்டது. "அக்கா! அத்தான்! ஓடிவாங்கோ. பிள்ளை சத்தி எடுக்கிறாள்."

நாங்கள் போனபோது இராசாத்தி சின்னம்மாவின் மடியில் கிடந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் பிறகு வயிற்றையும் விட்டுவிட்டாள். மூச்சு மேலே மேலே இழுத்தது. நான் பரியாரியாரைக் கூட்டிவர ஓடினேன். ஒழுங்கை முடக்கில் எனக்கும் தலை சுற்றி, வேலியைப் பிடித்துக்கொண்டு தின்றதையெல்லாம் சத்தி எடுத்தேன். பயத்தில் வருகிறது என்று நினைத்தேன்.

பரியாரியார் நாடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மத்தியானம் என்ன குடுத்தனியள்?"

அன்னம் பொன்னுவைப் பார்க்காமல் சொன்னாள்: "மரவள்ளி."

"அதுக்குப் பிறகு?"

பொன்னுவின் வாய் திறந்தபடியே நின்றது. "நான்... மல்லிக் கோப்பி குடுத்தனான். வேர்க்கொம்பு போட்டது. அக்கா, நீ சோறெண்டெல்லோ சொன்னனி?"

பரியாரியார் கையை விட்டார். கொண்டுவந்த மருந்துக் குளிசைப் பையைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டார். "இஞ்சியும் மரவள்ளியும். இனி நான் என்னத்தைச் செய்ய?"

விளக்கு வைக்கும் நேரம் பிள்ளை போய்விட்டாள்.

அன்னம் அழவில்லை. தங்கையைப் பார்த்துச் சொன்னாள்: "உன்ரை வயித்திலை ஒண்டு பிறந்திருந்தா உப்பிடிச் செய்வியோடி?"

பொன்னு பிள்ளையைத் தூக்கி அன்னத்தின் மடிக்கு மாற்றினாள். மாற்றும்போது கலைந்த சட்டையை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். அவள் தைத்த சட்டை.

கோழிகள்

அடுத்த நாள் பிள்ளையை மண்ணுக்குள் தாட்டுவிட்டு வந்தோம். சாவீட்டில் அடுப்பு எரிக்கமாட்டார்கள். சனம் சோறு கொண்டுவந்து வைத்திருந்தது. நான் தின்னவில்லை. அடுப்படிக்குள் போனேன். சட்டி அப்படியே இருந்தது, மூடியோடு. மூடியின் மேல் கூரைக் கரித்தண்ணீர் தேங்கி நின்றது. உள்ளே மிச்சக் கிழங்கு. கொண்டுபோய் வாழையடிக் குப்பையில் கொட்டினேன்.

பின்னேரம் போய்ப் பார்த்தால் அன்னத்தின் கோழிகள் மரவள்ளிப் பாத்திக்குள் செட்டையை விரித்தபடி கிடக்கின்றன. ஒன்று மட்டும் கழுத்தை நீட்டி நீட்டி இழுத்தது. பிறகு அதுவும் நிறுத்திவிட்டது.

அங்கேயே குந்திவிட்டேன். கோழிக்கு ஆர் மல்லிக் கோப்பி வைத்துக் கொடுத்தது?

சில நாள் போக, அன்னம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "கோழியள் செத்தது உனக்குத் தெரியும்தானே. அதுகள் திண்டது அண்டைக்கு அவிச்ச கிழங்கு."

விளக்குமாறு நின்றது. "என்ன சொல்ல வாறியள்?"

"இல்லை, வேர்க்கொம்பு..."

"வேர்க்கொம்பு இல்லையெண்டால் வேறை என்ன? உங்கடை ஊர்த் தடியோ? என்ரை கையோ? நான் போட்ட மூடியோ? சொல்லுங்கோவன், கேப்பம்."

கேட்டுக்கொண்டு நின்றவளின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் கிணற்றுக்கட்டு இருந்தது.

"ஊரிலை கோழிச் சீக்கும் இருக்காம்" என்றேன்.

"ஓம். கோழிச் சீக்குத்தான்" என்று அவள் கூட்டத் தொடங்கினாள்.

எண்ணிப் பார்த்தால் தடி எங்கள் வீட்டது, கூரை எங்கள் வீட்டது, மூடி எங்கள் வீட்டது, அரிசி என்று சொன்ன பொய்யும் எங்கள் வீட்டது. வேலிக்கு அப்பாலிருந்து வந்தது வேர்க்கொம்பு ஒன்றுதான். அன்னம் அதைப் பிடித்துக்கொண்டாள். அதை விட்டால் பிடிக்க அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை.

கூரைக்கென்று பிறகு வந்த கிடுகில் முதற் கிடுகை எடுத்துப் பொட்டை அடைத்தாள். என்னைக் கட்டவிடவில்லை. தானே கட்டினாள்.

பட்டப்பெயர்

எங்கள் ஊருக்குப் பெயர் வைக்கிற வேலை ஒன்றும் சொல்லித் தரத் தேவையில்லை. மாதம் முடிய முதல் 'இஞ்சிப் பொன்னம்மா' என்று ஆகிவிட்டது. மலாயாக் காசு நின்றபிறகு அவள் மருதனார்மடம் சந்தையில் பாகல் விற்றாள். அங்கே ஒருத்தி அவளிடம் பாகற்காய் வாங்க வந்து, மற்றவள் காதுக்குள் ஏதோ சொல்ல, கூடைக்குள் திருப்பிப் போட்டுவிட்டுப் போனதை நான் கண்ணால் கண்டேன். கல்யாண வீட்டுக்குக் காய் வெட்டப் போனால், "நீ இரு பொன்னம்மா, நாங்கள் வெட்டுறம்" என்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அவளைக் கண்டால் வழி விலகினார்கள். அவளுடைய கையால் ஒருவரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

அன்னம் நாள்தோறும் வேலியோரம் நின்று திட்டுவாள். ஆளைப் பேர் சொல்லித் திட்டமாட்டாள். வாழைக்குச் சொல்லுவாள், மாட்டுக்குச் சொல்லுவாள். "தின்னக் குடுத்தால் சாகக் குடுக்கிற சாதியள் இருக்குது, நீ அங்காலை போகாதை" என்று மாட்டுக்குச் சொல்லுவாள்.

ஒரு நாள் அன்னம் கோயிலுக்குப் போன நேரம் தண்ணீர் அள்ளப் போனேன். கிணற்றுக்குள் குனிந்தால், தொங்குகிற கிடுகுக்குக் கீழால், மற்றப் பக்கத்தில் குனிகிறவரின் முகம் தண்ணீரில் தெரியும். பொன்னுவின் முகம் தெரிந்தது. மெலிந்துபோயிருந்தாள்.

"பொன்னு, நான் ஊருக்குச் சொல்லப்போறன்" என்றேன்.

"என்னத்தை அத்தான்?"

"கிழங்கைப் பற்றி. கோழியளைப் பற்றி."

"எனக்குத் தெரியும். உங்கடை கோழியளிலை ஒண்டு வேலியாலை பூந்து இஞ்சாலை வந்துதான் செத்தது. நான்தான் தாட்டனான்."

"பிறகேன் பேசாமல் இருக்கிறாய்?"

"அக்காவுக்கு அது விளங்கினா அண்டைக்கே உந்தக் கிணத்துக்கை விழுவாள். பேந்து நான் எந்தத் தண்ணியைக் குடிக்கிறது?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"என்னை நல்லவள் எண்டு நினையாதேங்கோ அத்தான். என்ரை வயித்தைப் பற்றி அவள் சொன்னதை நான் மறக்கமாட்டன். அவளிலை எனக்கு ஆத்திரம் இருக்கு. ஆனா விடிய எழும்பினால் அவள் திட்டுற சத்தம் கேக்குது. சரி, இண்டைக்கும் உயிரோடைதான் இருக்கிறாள் எண்டு நான் அடுப்பை மூட்டுவன். ஊருக்கு நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம்."

அவளுடைய வாளி விழுந்து தண்ணீர் கலங்கியது. நான் ஊருக்குச் சொல்லவில்லை.

மற்றப் பக்கம்

உலகச் சண்டை முடிந்தது. மலாயாவிலிருந்து கொஞ்சப் பேர் வந்தார்கள். பொன்னுவின் புருசன் வரவில்லை. அவரைப் பற்றி ஒருவர் ஒரு கதை சொன்னார், இன்னொருவர் வேறு கதை சொன்னார். பொன்னு இரண்டையும் கேட்டுவிட்டுப் பாகலுக்குத் தண்ணீர் விடப் போனாள்.

அதற்குப் பிறகு ஒரு மாரியில் அவளுக்கு நெருப்புக் காய்ச்சல். நான் ஒழுங்கையால் சுற்றிப் பரியாரியாரைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். அன்னம் போகவில்லை. ஆனால் அந்த நாட்களில் வேலியோரம் நின்று வழமையிலும் பலமாகத் திட்டினாள். திட்டிவிட்டுச் சும்மா நிற்பாள். உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்ட பிறகுதான் அடுப்படிக்குப் போவாள்.

ஒரு விடியற்காலம் திட்டிவிட்டு நின்றாள். நின்றாள். நான் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்தும் நின்றுகொண்டே இருந்தாள்.

"இஞ்சருங்கோ," என்றாள், "போய் ஒருக்காப் பாருங்கோ."

பொன்னுவின் சாவீட்டில் தலைமாட்டில் இருந்து அழுதது அன்னம்தான். மற்றப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை.

நான் சுடலையால் திரும்பி வந்தபோது அவள் முழுகுவதற்குக் கிணற்றடியில், எங்கள் பக்கத்துக் கல்லில் இருந்தாள். நான் அள்ளி ஊற்றினேன். தண்ணீர் வாழைக்கு ஓடியது. முகத்தை வழித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவள் இருந்தாள், திட்டினன்" என்றாள். "இனி நான் ஆரையப்பா திட்டுறது?"

நான் அடுத்த வாளியை அள்ளி அவளுடைய தலையில் ஊற்றினேன்.